ஸ்லீவ் சர்ஜரிக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு, பண்ணிக்கிட்டவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்

மழைத்துளி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வந்து படிச்சுட்டு சத்தமில்லாம போயிடுவேன், இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதறேன். எனக்கு 41 வயசு, உயரம் 160 சென்டிமீட்டர், எடை 118 கிலோ, பி.எம்.ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பார்க்கிற கணக்கு) 46ன்னு ஃபைல்ல எழுதியிருக்காங்க. ஆறு வருஷமா சுகருக்கு மாத்திரை, ரெண்டு வருஷமா பிரஷருக்கும். ராத்திரி தூக்கத்துல மூச்சு விட்டு விட்டு வருதுன்னு டெஸ்ட் எடுத்து இப்போ முகத்துல மெஷின் மாட்டிக்கிட்டுதான் படுக்கறேன். நான் இருக்காத டயட் இல்லை, 20 கிலோ குறைஞ்சு 26 கிலோவா திரும்பி வந்திருக்கு, இப்படி மூணு தடவை. கடைசியில டாக்டர், எடை குறைய இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கற ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணிடலாம்னு சொல்லி எண்டோஸ்கோபி, ஸ்கேன், ரத்த டெஸ்ட், மனநல டாக்டர் எல்லாம் முடிஞ்சு தேதியும் குடுத்துட்டாங்க.

தேதி கைக்கு வர்ற வரைக்கும் தைரியமாத்தான் இருந்தேன். இப்போ ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது. ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் கண்டிப்பா லிக்விட் டயட்டுன்னு சொல்லியிருக்காங்க, அது எதுக்கு, அதை எப்படி தாங்கினீங்க? வீட்ல என்ன வாங்கி வெக்கணும், எத்தனை நாள் லீவு போடணும்? அதுக்கப்புறம் வாழ்க்கை எப்படி இருக்கும்னு யாராவது உள்ளது உள்ளபடி சொன்னா புண்ணியமா போகும். யூடியூப்ல முன்னாடி ஒரு போட்டோ பின்னாடி ஒரு போட்டோதான் காட்டறாங்க, நடுவுல அந்த மனுஷி என்ன பட்டாங்கன்னு யாரும் சொல்லல.

இன்னொண்ணு, சொல்லவே கூச்சமா இருக்கு. நெருங்கின சொந்தத்துல ஒருத்தங்க "வாயைக் கட்ட முடியாம வயித்தை வெட்டிக்கப் போறியா"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க. பதில் சொல்ல வாய் வரல. அன்னையிலிருந்து அது காதுக்குள்ளேயே நிக்குது.


நிதானம்:

மழைத்துளிம்மா, முதல்ல அந்த கடைசி விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா எனக்கும் இதே வார்த்தை வந்துச்சு, ஆள்தான் வேற. ஸ்லீவ்ல இரைப்பையோட முக்கால் பங்குக்கு மேல எடுத்துடுவாங்க, மிச்சம் ஒரு வாழைப்பழம் மாதிரி நீளமா குழாயா இருக்கும். எடுக்கிற அந்த மேல் பகுதியிலதான் கிரெலின்னு ஒரு பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரக்குது. எனக்கு ஆபரேஷன் முடிஞ்சு நாலாவது நாள் மணியைப் பார்த்தா மதியம் மூணு, காலையிலிருந்து பசியே எடுக்கல, அப்போதான் எனக்கு அழுகை வந்துச்சு. மத்தவங்க எல்லாம் இத்தனை வருஷம் இப்படித்தான் இருந்திருக்காங்க, நான்தான் வேற ஒரு பசியோட மல்லுக்கட்டிட்டு இருந்திருக்கேன்னு புரிஞ்சுச்சு. வாயைக் கட்டறது கட்டாததுன்னு பேசறவங்களுக்கு அந்தப் பசி தெரியாது. அவங்க சொன்னதை நீங்க தூக்கிச் சுமக்காதீங்க.

எனக்கு ஸ்லீவ் ஆகி ரெண்டு வருஷம் நாலு மாசம் ஆகுது. 124ல் இருந்து 81க்கு வந்து இப்போ 83ல நிக்கறேன்.

லிக்விட் டயட் எதுக்குன்னா லிவருக்காக. லிவரோட இடது பக்கம் இரைப்பை மேல படுத்திருக்கும், டாக்டர் அதைத் தூக்கிப் பிடிச்சுட்டுத்தான் அடியில வேலை பார்க்கணும். நமக்கெல்லாம் கொழுப்பு படிஞ்சு அது வீங்கியிருக்கும், ரெண்டு வாரம் மாவுச்சத்தைக் குறைச்சா நல்லாவே சுருங்கிடும். ஒரு நாள்தானேன்னு நடுவுல ஏமாத்தினா ஆபத்து நமக்குத்தான். முதல் மூணு நாள் தலைவலி, எரிச்சல், யாரைப் பார்த்தாலும் கோவம். நாலாவது நாள் தானா அடங்கிடும். தண்ணி நிறைய குடிங்க, கொஞ்சம் உப்பு போட்ட தெளிஞ்ச சூப் குடிங்க, தலைவலிக்கு அது கேட்கும் (பிரஷர் இருக்கிறதால உப்பு எவ்வளவுன்னு மட்டும் கேட்டுக்கோங்க). முக்கியமா, சுகர் மாத்திரையை அந்த ரெண்டு வாரத்துக்கு எப்படி குறைக்கணும்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க, சாப்பாடு பாதியா குறைஞ்சு மாத்திரை மட்டும் பழையபடியே போட்டா சுகர் இறங்கி மயக்கம் வந்துடும்.

ஆனா என்கிட்ட யாராவது தயாரிப்புன்னு கேட்டா நான் சொல்றது ஒண்ணுதான்: அதுக்கப்புறம் எப்படி சாப்பிடப் போறீங்களோ அதை இன்னைக்கே ஆரம்பிச்சுடுங்க. ஆபரேஷன் வயித்துலதான் நடக்குது, கைக்கு அது தெரியாது. நாப்பது வருஷமா ஓடின வேகத்துலயே கை ஓடும். இன்னைக்கு ராத்திரியே சின்ன தட்டு, சின்ன ஸ்பூன் எடுத்து, ஒரு வாய் வெச்சதும் ஸ்பூனை கீழ வெச்சுடுங்க. இருபது முப்பது தடவை மென்னு கூழானப்புறம் முழுங்குங்க, அப்புறம் அடுத்த வாய். கூடவே, சாப்பிடும்போது தண்ணி குடிக்காம இருந்து, முடிச்சு அரை மணி நேரம் கழிச்சுக் குடிக்கப் பழகுங்க. சொல்றதுக்கு சின்ன விஷயம், செய்யறப்போதான் தெரியும், எனக்கு தண்ணி டம்ளரைத் தேடி கை தானா போகும். காபி, சோடா, ஸ்ட்ரா மூணையும் இப்பவே விட்டுடுங்க, ஆபரேஷன் வலியோட காபி தலைவலியும் சேர்ந்தா ரொம்ப கஷ்டம்.

வாங்க வேண்டியது ஒண்ணும் பெருசா இல்லை. இருமல் மருந்து பாட்டில் மேல ஒரு சின்ன அளவு மூடி வருமே, 30 மில்லிக்கு கோடு போட்டு, அது மாதிரி நாலஞ்சு கப் எடுத்து வெச்சுக்கோங்க. முதல் வாரம் என் உலகமே அந்த கப்புதான். போன்ல பதினைஞ்சு நிமிஷத்துக்கு ஒரு அலாரம், அடிச்சா ஒரு கப்பு, அதையும் ஒரே மடக்கா இல்லாம நாலு உறிஞ்சலா. இப்படிக் குடிச்சாத்தான் நாளைக்கு ஒன்றரை லிட்டர் உள்ள போகும். புரோட்டீன் பவுடர் பெரிய டப்பாவா வாங்கிடாதீங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் நாக்கே மாறிடுது, எனக்கு ரொம்ப பிடிச்ச ருசி வாசம் பட்டாலே குமட்டிச்சு. சின்ன பாக்கெட்டா ரெண்டு மூணு விதம் வாங்குங்க.

வலின்னு பார்த்தா தையல் வலியை விட கேஸ் வலிதான் படுத்தும். வயித்தை உப்ப வைக்க கேஸ் விடுவாங்க, மிச்சம் இருக்கிறது தோள்பட்டையில போய் குத்தும். அதுக்கு மருந்து நடக்கிறதுதான். அன்னைக்கு சாயங்காலமே எழுப்பி நடக்க விடுவாங்க, வலிக்குதுன்னு படுத்துடாதீங்க, கால்ல ரத்தம் கட்டாம இருக்கவும் அந்த நடைதான். லீவு நான் மூணு வாரம் போட்டேன், உட்கார்ந்து பார்க்கிற வேலை. ரெண்டாவது வாரமே போயிருக்கலாம், ஆனா சாயங்காலம் ஆனா உடம்பு துணி மாதிரி துவண்டுடும்.

ஒரு விஷயம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன். மூணாவது வாரம் வாக்குல எடை அப்படியே நின்னுடும், பத்து நாள் ஒரு கிராம் கூட அசையாது. முதல்ல வேகமா இறங்கினதுல நிறைய தண்ணிதான், உடம்பு அதை சரிக்கட்டிக்குது, அவ்வளவுதான். அதே மாதிரி மூணாவது மாசம் முடி கொட்டும், குளிச்சா கைநிறைய வரும். வேர் போகாது, ஆறேழு மாசத்துல நின்னு திரும்ப வளரும். எனக்கு இப்போ நெத்தி ஓரத்துல குட்டி குட்டியா புது முடி நிக்குது.


கடல்காத்து:

சிஸ்டர், நான் பைபாஸ் பண்ணிக்கிட்ட ஆளு, இதயத்துக்கு இல்லை, இரைப்பையைச் சின்னதாக்கி நேரா சிறுகுடல்ல இணைக்கிற எடை குறைப்பு பைபாஸ், மூணு வருஷம் ஆச்சு. எனக்கு நெஞ்செரிச்சல் ரொம்ப அதிகம், ஸ்லீவ் பண்ணா அது இன்னும் கூடலாம்னு பைபாஸ் சொன்னாங்க. உங்களுக்கு புளிச்ச ஏப்பம், ராத்திரி தொண்டை வரைக்கும் எரிச்சல் வர்ற பழக்கம் இருந்தா அதை இப்பவே டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க, எண்டோஸ்கோபி பார்த்தாச்சேன்னு விட்டுடாதீங்க, பார்த்தது வேற நாம அனுபவிக்கிறது வேற.

நிதானம் அக்கா சொன்ன அந்த வேகம் இருக்கே, அதுல நான் பட்டிருக்கேன். ஆறாவது வாரம், முதல் முதலா வேகவெச்ச சிக்கன். நல்லா இருந்துச்சு, பேசிக்கிட்டே ஒரு வாய் அதிகமா வெச்சுட்டேன், ஒரே ஒரு வாய்தான். நெஞ்சுக்குழியில கல்லு மாதிரி நின்னுடுச்சு, மூக்குல தண்ணி ஒழுகுது, வாயெல்லாம் எச்சில் நுரை நுரையா ஊறுது, வாஷ்பேசினைப் பிடிச்சுக்கிட்டு இருபது நிமிஷம் நின்னேன். அப்புறம்தான் கவனிச்சேன், வயிறு நிறையறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு விக்கல் வரும், சில பேருக்கு மூக்கு ஒழுகும், தும்மல் வரும். அதுதான் உங்க வயிறு குடுக்கிற சிக்னல், அது வந்தா தட்டுல என்ன இருந்தாலும் எழுந்துடணும். மிச்சம் வெக்கக்கூடாதுன்னு சொல்லி வளர்த்திருக்காங்க நம்மளை, அதை மறக்கறதுக்குத்தான் எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

இனிப்பு சாப்பிட்டா டம்பிங்னு ஒண்ணு வரும், சாப்பிட்ட அரை மணிக்குள்ள நெஞ்சு படபடன்னு அடிச்சு வேர்த்து கொட்டி வயித்தைப் பிசையும். பைபாஸ்ல அதிகம், ஸ்லீவ்ல கம்மி ஆனா வராதுன்னு இல்லை. சில பேருக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் கழிச்சு சுகர் சட்டுனு இறங்கி கை நடுங்கும், அது வேற, அப்படி வந்தா எழுதி வெச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க.

கடைசியா குடி. உங்களுக்குத் தேவையில்லாம இருக்கலாம், படிக்கிற மத்தவங்களுக்கு சொல்றேன். பைபாஸுக்கு அப்புறம் மது ரொம்ப சீக்கிரமா ரத்தத்துல ஏறும், இறங்க நேரம் ஆகும். முன்னாடி சாப்பாட்டுல தேடின ஆறுதலை சில பேரு ரெண்டாவது வருஷம் வாக்குல இதுல தேட ஆரம்பிச்சுடறாங்க. எனக்கு நெருங்கின ஒருத்தர் அப்படிப் போனதைப் பார்த்தவன் நான். மனசு கேக்காம எழுதறேன்.


வார்டு அக்கா:

நான் சர்ஜரி வார்டுல நர்ஸா இருக்கேன், இந்த ஆபரேஷன் ஆனவங்களை தினமும் பார்க்கிறவ. உங்க டாக்டர் சொல்றதுதான் உங்களுக்கு முதல் வார்த்தை, நான் பொதுவா சொல்றேன்.

வீட்டுக்குப் போனப்புறம் எது சாதாரணம், எது ஓடி வரவேண்டியதுன்னு தெரியாமதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. களைப்பு, கேஸ் வலி, மலச்சிக்கல் இதெல்லாம் வரும் போகும். ஆனா சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித் துடிப்பு 120ஐத் தாண்டினா, காய்ச்சல் வந்தா, வயித்து வலி குறையறதுக்குப் பதிலா கூடிக்கிட்டே போனா, இடது தோள்ல வலி நடந்தும் அடங்காம மூச்சு வாங்கினா, ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைச்சதை வலிச்சா, காலையில பார்த்துக்கலாம்னு இருக்கக்கூடாது. தையல் போட்ட இடத்துல கசிவு இருந்தா முதல்ல ஓடறது நாடிதான், காய்ச்சல் பின்னாடிதான் வரும். வீட்ல ஒருத்தருக்கு நாடி பிடிச்சுப் பார்க்க சொல்லிக்குடுத்துட்டு வாங்க.

அடுத்தது வாந்தி. எது குடிச்சாலும் நிக்காம ரெண்டு மூணு நாள் வாந்தின்னா வயிறு பழகுதுன்னு பொறுத்துக்காதீங்க. பி1 வைட்டமின் உடம்புல கொஞ்ச நாளுக்குத்தான் கையிருப்பு இருக்கும், அது தீர்ந்தா நடை தள்ளாடும், பார்வை ரெண்டா தெரியும், ஞாபகம் குழம்பும். சீக்கிரம் ஊசி போட்டா காப்பாத்திடலாம், தாமதம் ஆனா சிலது திரும்பாது.

பழைய மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு டிஸ்சார்ஜுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டுங்க. பிரஷர், சுகர் மாத்திரை டோஸ் சீக்கிரமே குறைக்க வேண்டி வரும், எழுந்து நிக்கும்போது தலை சுத்தினா உடனே சொல்லணும். மெதுவா கரையற மாதிரி செஞ்ச மாத்திரைகளை நீங்களா பொடிக்கக்கூடாது, அதுக்கு மாத்து கேளுங்க. முட்டி வலின்னு பழக்கத்துல இபுப்ரோஃபென், டைக்லோஃபினாக் மாதிரி எடுத்துடாதீங்க, இரைப்பையில புண் ஆக்கிடும், முக்கியமா பைபாஸ் ஆனவங்க தொடவே கூடாது. வலின்னா பாராசிட்டமால் எவ்வளவு போடலாம்னு கேட்டு வெச்சுக்கோங்க. எடை வேகமா குறையறப்போ பித்தப்பையில கல் உண்டாகும், அதைத் தடுக்க ஆறு மாசம் ஒரு மாத்திரை எழுதுவாங்க, நடுவுல நிறுத்தாதீங்க. மூச்சு மெஷினை ஆஸ்பத்திரிக்கு கையோட எடுத்துட்டு வாங்க, இளைச்சுட்டோமேன்னு நீங்களா அதைக் கழட்டாதீங்க, திரும்ப டெஸ்ட் எடுத்துட்டுத்தான்.

இன்னொண்ணு, பெண்கள் யாராவது இதைப் படிச்சா சொல்றேன், எடை குறைய ஆரம்பிச்சதும் கரு தரிக்கிற வாய்ப்பு கூடும், ஆனா முதல் 12லிருந்து 18 மாசம் வரைக்கும் கர்ப்பம் வேண்டாம். என்ன பாதுகாப்புன்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே பேசி முடிவு பண்ணிடுங்க.

அந்த சொந்தக்காரங்க பேச்சுக்கு என் பங்குக்கு ஒண்ணு. 1991ல வகுத்த விதிப்படி பி.எம்.ஐ 40க்கு மேல, இல்லேன்னா 35க்கு மேல கூட வேற நோயும் இருந்தாத்தான் இந்த ஆபரேஷன். 2022ல அதை மாத்தி 35க்கு மேல இருந்தாலே பண்ணலாம், ஆசிய உடம்புக்கு 27.5லேயே யோசிக்கலாம்னு உலக அளவுல சர்ஜன்கள் சேர்ந்து சொல்லிட்டாங்க. ஸ்வீடன்ல 1987ல ஆரம்பிச்சு எடை குறைப்பு ஆபரேஷன் ஆன ரெண்டாயிரம் பேரை வருஷக்கணக்கா தொடர்ந்து பார்த்தாங்க, ஆபரேஷன் ஆகாதவங்களை விட அவங்கள்ல சாவு கம்மியா இருந்துச்சு. உங்களுக்கு சுகர், பிரஷர், தூக்கத்துல மூச்சு விட்டு விட்டு வர்றது மூணும் இருக்கு. நீங்க வைத்தியம் பார்த்துக்கிறீங்க, அவ்வளவுதான்மா.


இவளோட வீட்டுக்காரர்:

என் மனைவிக்கு ஸ்லீவ் ஆகி பதினோரு மாசம். பண்ணிக்கிட்டவங்க எல்லாரும் எழுதிட்டீங்க, பக்கத்துல இருந்தவன்கிற முறையில நான் எழுதறேன், மழைத்துளி உங்க வீட்டுக்காரர் இருந்தா இதைக் காட்டுங்க.

நான் பண்ண தப்பு என்னன்னா, அவ எதிர்ல சாப்பிட்டா அவளுக்கு ஏக்கமா இருக்குமேன்னு முதல் மாசம் முழுக்க நான் வெளியிலயே சாப்பிட்டுட்டு வந்தேன். நல்லது பண்றதா நினைச்சேன். ஒரு நாள் ராத்திரி அவ மட்டும் மேஜையில உட்கார்ந்து அந்த சின்ன கப்புல தயிரை வெச்சுக்கிட்டு எதிர்ல இருக்கிற காலி நாற்காலியைப் பார்த்துட்டு இருந்தா. "சாப்பாடுதான் போச்சு, கூட சாப்பிடறதும் போச்சா"ன்னு கேட்டா. எனக்கு தொண்டை அடைச்சுடுச்சு. மறுநாள்ல இருந்து நானும் அதே நேரத்துக்கு உட்கார்ந்தேன், அவளுக்கு அரை மணி நேரம் ஆகும் மூணு ஸ்பூனுக்கு, நானும் அரை மணி நேரம் எடுத்து சாப்பிட ஆரம்பிச்சேன். எனக்கே நாலு கிலோ குறைஞ்சுச்சு.

"இவ்வளவுதானா, இன்னும் ஒரு வாய்"னு சொல்லவே சொல்லாதீங்க. அன்பாத்தான் சொல்றோம், ஆனா அந்த ஒரு வாய் அவங்களுக்கு ராத்திரி முழுக்க வலி. அதே மாதிரி "இதை சாப்பிடலாமா நீ"ன்னு தட்டை எட்டிப் பார்த்து போலீஸ் வேலையும் பார்க்காதீங்க. என்ன சாப்பிடணும்னு எங்களை விட அவங்களுக்கு நல்லா தெரியும்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லாதது, அஞ்சாவது ஆறாவது மாசம் வாக்குல அவளுக்கு மனசு ரொம்ப தளர்ந்து போச்சு. எடை நல்லா இறங்குது, எல்லாரும் பாராட்டறாங்க, ஆனா இவ கதவை சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கா. முன்னாடி கண்ணெடுத்துப் பார்க்காதவங்க எல்லாம் இப்போ சிரிச்சுப் பேசறாங்களாம், அப்போ அந்த பழைய நான் மனுஷியே இல்லையான்னு கேட்டா. கண்ணாடியில இன்னும் பழைய உருவம்தான் தெரியுதுன்னா, கடையில எப்பவும் பெரிய சைஸ் பக்கமாத்தான் போவா. அதுக்கு மனநல ஆலோசனைக்குப் போனோம், ஆறேழு தடவை, நல்லா உதவிச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்த அந்த டாக்டர் நம்பரை தூக்கிப் போட்டுடாதீங்க.


மழைத்துளி:

நீங்க எல்லாரும் எழுதினதை உட்கார்ந்து ரெண்டு தடவை படிச்சேன், என் வீட்டுக்காரர்கிட்டயும் காட்டினேன், அவர் ஒண்ணும் பேசல, ராத்திரி சாப்பாட்டுக்கு ரெண்டு சின்ன தட்டா எடுத்து வெச்சார். நாடி பார்க்கவும் கத்துக்கிட்டார்.

இன்னும் ரெண்டு பயம் இருக்கு. பசி போயிடும்னு சொல்றீங்க, ஆனா நான் பசிக்காமலேயே சாப்பிடற ஆளு. வேலையில யாராவது திட்டினா, தனியா இருந்தா, சந்தோஷமா இருந்தா கூட கை தேடறது சாப்பாட்டைத்தான். அந்தப் பசியையும் வெட்டி எடுத்துடுவாங்களா? ரெண்டாவது, இவ்வளவும் பட்டு எடை திரும்ப ஏறிட்டா?


நாலு வருஷம் ஆச்சு:

உங்க ரெண்டு பயத்துக்கும் பதில் சொல்ல எனக்குத்தான் தகுதி இருக்குன்னு நினைக்கிறேன், ஏன்னா ரெண்டும் எனக்கு நடந்துச்சு.

அந்த மனசுப் பசியை யாராலயும் வெட்ட முடியாது. முதல் ஒரு வருஷம் அது எங்கேயோ போயிட்ட மாதிரி இருக்கும், உடம்பு சின்னதா சாப்பிடும், எடை தானா இறங்கும், எல்லாம் முடிஞ்சுச்சுன்னு தோணும். ஒண்ணு ஒன்றரை வருஷத்துல எடை அடியில போய் நிக்கும், அதுக்கப்புறம்தான் அது மெதுவா திரும்ப எட்டிப் பார்க்கும். எனக்கு 52 கிலோ குறைஞ்சு ரெண்டரை வருஷத்துக்கு அப்புறம் 14 கிலோ திரும்ப ஏறிச்சு. நான் ஒண்ணும் தட்டு நிறைய சாப்பிடல, அது இப்பவும் முடியாது. பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம் மாதிரி கரைஞ்சு வழுக்கிட்டுப் போறதுதான் என்னைக் கவுத்துச்சு. சிக்கனோ முட்டையோ ரெண்டு துண்டுல வயிறு நிறைஞ்சுடும், பிஸ்கட் வாயிலேயே கரைஞ்சு போயிடும், ஒரு பாக்கெட் போனாலும் வயிறு நிறையாது. வேலை இடத்துல ஒரு மேலாளரோட தினமும் பிரச்சனை, சாயங்காலம் நாலு மணிக்கு டிராயரைத் திறப்பேன், பசியில்ல, வெறும் மன எரிச்சல்.

அதைவிட பெரிய தப்பு செக்கப்புக்குப் போகாதது. ஆறு மாசம், ஒரு வருஷம் வரைக்கும் ஒழுங்கா போனேன். எடை ஏற ஆரம்பிச்சதும் டாக்டர் முகத்தைப் பார்க்கவே வெக்கமா இருந்துச்சு, போகல. மாத்திரையும் ஒவ்வொண்ணா விட்டேன், நல்லாத்தானே இருக்கோம்னு. ரெண்டு பாதமும் மரத்துப் போக ஆரம்பிச்சுச்சு, செருப்பு கழண்டு விழுந்தது கூட தெரியல, பார்த்தா பி12 அடியோட இறங்கியிருக்கு, இரும்பும் கம்மி. ஊசி போட்டு ஆறு மாசத்துல பெரும்பாலும் சரியாச்சு, இடது கால் விரல் ரெண்டு இன்னும் முழுசா சரியாகல. பி12ஐ உடம்பு எடுத்துக்க இரைப்பையில சுரக்கிற ஒரு புரதம் வேணும், இரைப்பையையே வெட்டினப்புறம் அது கம்மிதான், அதனால மாத்திரை சாகிற வரைக்கும். கால்சியம் சிட்ரேட்டை ஒரே நேரத்துல மொத்தமா போடாம ஒரு தடவைக்கு 500 மில்லிகிராமா பிரிச்சுப் போடுங்க, இரும்பு மாத்திரைக்கும் அதுக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க, சேர்த்துப் போட்டா ரெண்டும் உடம்புல சேராது. நான் இப்போ ஒரு டப்பாவுல காலை, மதியம், ராத்திரின்னு வாரத்துக்கும் அடுக்கி வெச்சுடறேன்.

வெக்கத்தை விட்டுட்டு திரும்பப் போனேன். டாக்டர் திட்டுவாருன்னு பயந்தேன், அவர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துட்டு "வந்தது நல்லது, இது வர்ற நோய்தான், வைத்தியம் இருக்கு"ன்னு சொன்னார். டயட்டீஷியன், ஆலோசனை, வாரத்துல மூணு நாள் வெயிட் தூக்கறது எல்லாம் சேர்ந்து 9 கிலோ இறங்கியிருக்கு. நாளைக்கு 60 கிராம் புரோட்டீன் போகணும்னு கணக்கு, ஒரு முட்டைல ஆறு கிராம்தான், அதனால தட்டுல முதல் வாய் எப்பவும் புரோட்டீன், வயித்துல இடம் மிச்சம் இருந்தா காய், அதுக்கும் மேல இருந்தாத்தான் மத்தது.

நீங்க இப்பவே ஒரு சின்ன நோட்டு போடுங்க. சாப்பிடத் தோணும்போது மணி எத்தனை, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, ரெண்டே வரி. மூணு வாரத்துல எந்த நேரத்துல எதுக்கு கை போகுதுன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும். நான் அந்த நோட்டை நாலாவது வருஷம்தான் போட்டேன். நீங்க ஒரு நாள் முன்னாடி போட்டா கூட எனக்கு சந்தோஷம்.


மழைத்துளி:

ஆபரேஷன் முடிஞ்சு இன்னைக்கு பதினோராவது நாள். சொல்லிட்டுப் போகணும்னு தோணிச்சு.

லிக்விட் டயட்ல அஞ்சரை கிலோ குறைஞ்சுச்சு, முதல் மூணு நாள் நிதானம் அக்கா சொன்ன மாதிரியே எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தேன். ஆபரேஷன் அன்னைக்கு சாயங்காலம் நர்ஸ் வந்து எழுப்பினப்போ முடியாதுன்னுதான் சொன்னேன், அப்புறம் டிரிப்ஸ் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வராண்டா கடைசி வரைக்கும் போயிட்டு வந்தேன், திரும்பி வர்றப்போ தோள் வலி பாதியா குறைஞ்சிருந்துச்சு. வீட்டுக்கு வந்த ரெண்டாவது ராத்திரி படபடன்னு இருந்துச்சு, அவர் நாடி பிடிச்சுப் பார்த்தார், 96. கொஞ்ச நேரம் விட்டு திரும்பப் பார்த்தார், 88. தண்ணி கம்மியா குடிச்சிருந்தேன்னு புரிஞ்சுச்சு. சுகர் மாத்திரை ரெண்டுல ஒண்ணை நிறுத்திட்டாங்க.

நோட்டுல இதுவரைக்கும் பதினாறு வரி இருக்கு. அதுல ஒம்பது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல, நான் தனியா இருக்கிற நேரம். அதைப் பார்த்துட்டு நேத்துல இருந்து அந்த நேரத்துக்கு அவர்கூட தெருக்கோடி வரைக்கும் நடக்கறேன், மெதுவாத்தான், நடுவுல ஒரு தடவை நின்னு.

இன்னைக்கு காலையில கை கழுவறப்போ மோதிரம் கழண்டு பேசின்ல விழுந்துடுச்சு. ஏழு வருஷமா சோப்பு போட்டாலும் கழட்ட வராத மோதிரம். எடுத்து டப்பாவுல வெச்சிருக்கேன்.

ஒரே ஒரு சந்தேகம், வர்ற வியாழக்கிழமையிலிருந்து மசிச்ச சாப்பாடு ஆரம்பிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. முதல்ல எதைக் குடுத்துப் பார்த்தீங்க, முட்டையா மீனா? எது உங்களுக்கு லேசா இறங்கிச்சு?


நிதானம்:

மோதிரம் படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சும்மா. எனக்கு மீன்தான் லேசா இறங்கிச்சு, முள் எடுத்து நல்லா வேகவெச்சு, அது வெந்த தண்ணியையே கொஞ்சம் விட்டு மசிச்சு. முட்டை முதல் ரெண்டு வாரம் எனக்கு நெஞ்சுல நின்னுச்சு, நிறைய பேருக்கு அப்படி ஆகறதில்லை, அதனால வீட்ல ஆள் இருக்கிற நேரமாப் பார்த்து ஒரு ஸ்பூன் வெச்சுப் பாருங்க. வெச்சதும் ஸ்பூனை கீழ வெச்சுடுங்க. வியாழக்கிழமை எப்படிப் போச்சுன்னு வந்து எழுதுங்க.